லண்டன்–பாரிஸ் ஒரு மணி நேரம்தானே என்று கணக்குப் போடாதீர்கள்

போன வாரம் தம்பி முறையுள்ள ஒருவன் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். பாரிஸிலிருந்து லண்டனின் கேட்விக் விமான நிலையம், பிறகு லண்டனின் இன்னொரு நிலையமான ஹீத்ரோவில் சென்னை விமானம். "நடுவுல மூணே முக்கால் மணி நேரம் இருக்குண்ணா, தாராளம்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் போட்ட அதே கணக்கு.

லண்டன்–பாரிஸ் பயணத்தில் பலரும் செய்கிற தவறுகளைச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டை மறக்கிற கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

தூரத்தை வேகத்தால் வகுப்பது

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். மணிக்கு 800 என்று வகுத்தால் 26 நிமிடம் வரும். விமானமோ மேலே ஏறி நிமிர்வதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். வானில் இருப்பது முக்கால் மணி, கொஞ்சம் கூடலாம். டிக்கெட்டில் ஒன்றேகால் மணி போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்வது, வரிசையில் நிற்பது, ஹீத்ரோவில் இறங்க முறை வரும்வரை லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் பிக்கின் ஹில் மேலே வட்டமடிப்பது எல்லாம் அதற்குள்தான்.

கடிகாரம்

பாரிஸ் ஆண்டு முழுக்க ஒரு மணி நேரம் முன்னால். லண்டனிலிருந்து போகும்போது இரண்டேகால் மணிப் பயணம் போலத் தெரியும், வரும்போது கால் மணி போல. சூரியனைக் கேட்டால் பத்து நிமிட வித்தியாசம்தான். 1940இல் ஜெர்மன் படை வந்தபோது பெர்லின் நேரத்துக்கு மாறிய பாரிஸ், போர் முடிந்த பிறகும் திரும்பவில்லை.

'லண்டன்' என்று போட்டிருந்தால் எந்த லண்டன்?

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு நிலையங்கள் லண்டன் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கின்றன.

நான் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் ஏறினேன். பத்து மணிக்கு கேட்விக், ஒன்றே முக்காலுக்கு ஹீத்ரோவில் சென்னை விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். அப்படி வாங்கினால் மலிவு. ஓர்லியிலேயே ஐம்பது நிமிடம் தாமதம். குடியேற்ற வரிசையில் முக்கால் மணி நேரம். தனி டிக்கெட் என்பதால் பெட்டியை நானே எடுக்க வேண்டும். அது கடைசியாக வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். ஹீத்ரோவுக்குச் சாலையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல். லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் பேருந்து நின்று நின்று போனது. கடலைத் தாண்டி வந்த நேரத்தைவிட அந்தச் சாலையில் கழிந்த நேரம் அதிகம்.

ஒன்று பத்துக்கு கவுன்ட்டருக்கு ஓடினேன். விமானம் அங்கேதான் நின்றிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புறப்பட ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். முதல் விமானத்தாரைக் கேட்டால், "உங்களைக் கேட்விக்கில் இறக்கியாயிற்றே" என்றார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. புது டிக்கெட்டுக்கு அந்த மாதச் சம்பளத்தில் பாதி போனது.

இன்னொன்று: நிலையம் மாற வெளியே வந்தாலே பிரிட்டனுக்குள் நுழைந்ததாகக் கணக்கு. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா அங்கே செல்லாது.

ரயிலைப் பார்க்காமல் விமானம் போடுவது

லண்டனின் செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பாரிஸின் கார் து நோர் நிலையம், யூரோஸ்டாரின் வேகமான வண்டியில் 2 மணி 16 நிமிடம். இறங்கி நடந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல், தோசைக்கடை.

அன்றைய கடைசி விமானத்தில் போடுவது

வேண்டாம்.

தம்பிக்கு இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "பார்க்கலாம்ணா" என்று பதில் போட்டிருக்கிறான்.