பங்கு வீட்டை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் சுவரோரம் சாய்ந்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைவுதான் வரும். இது எந்த வீட்டு முகப்பைத் தாங்கிய தூணோ, விற்ற பணம் சென்னையில் எந்த மாடிக்கு முன்பணமாகப் போயிற்றோ! வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் வாரத்துக்கு ஒருவராவது கட்டுமான நிறுவனத்தின் வண்ண விளம்பர அட்டைப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர் வீட்டில் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு, நுங்கம்பாக்கத்திலோ எழும்பூரிலோ தியாகராய நகரிலோ புதிதாக எழும் கட்டடத்தில் ஒரு வீடு வாங்கப் போகிறவர்கள். வட்டிக் கணக்கை மனதிலேயே போட்டு முடிப்பவர்கள். அவர்களும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் உறவினர்கள் ‘கொண்டோ’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கொண்டோமினியம் என்பதன் சாரம் எளிது: உன் அறை உனக்கு, படியும் முற்றமும் கூரையும் எல்லோருக்கும். செட்டிநாட்டு நகரத்தாராகிய நமக்கு இது புதிதா? வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. முகப்பும் பட்டாலையும் வளவும் பொது. மகனுக்குத் திருமணமானால் வேறு வைத்துவிடுவார்கள். அடுப்பு தனி, கூரை ஒன்று. பங்கு வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு, எது எனக்கு, எது பொது, பொதுவுக்கு யார் செலவு செய்வது என்ற மூன்று கேள்விகளும் தாய்ப்பாலோடு வந்தவை. பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் அவற்றை மறந்துவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த மறதியிலிருந்து வந்தவைதான்.

நிலம் எவ்வளவு என்று கேட்காதது

முதல் தவறு இது. பெரிய தவறும் இதுதான். சதுர அடி விலை, நீச்சல் குளம், எத்தனையாவது மாடி என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். பிரிபடாத நிலப்பாகம், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பெயருக்கு வரும் பங்கு, எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். கட்டடத்தின் மதிப்பு வயதோடு தேயும்; நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து இடித்துக் கட்ட நேர்ந்தால் உங்கள் கையில் இருப்பது அந்த நிலப்பங்கு மட்டுமே.

இந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதற்குத் தளப்பரப்புக் குறியீடு என்று பெயர். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.3 மீட்டருக்கு உட்பட்ட கட்டடத்துக்கு அது 2. அதற்கு மேல் உயர்ந்து, சாலையின் அகலமும் போதுமானதாக இருந்தால் 3.25. கூடுதல் கட்டணம் செலுத்தி அதற்கு மேலும் வாங்கலாம். ஆகவே 1,000 சதுர அடித் தளத்துக்குச் சிறிய கட்டடத்தில் சுமார் 500 சதுர அடி நிலம் கிடைக்கும். உயர்ந்த கோபுரத்தில் சுமார் 300. கூடுதல் குறியீடும் வாங்கியிருந்தால் அதற்கும் கீழே. நகர நடுவில் நிலத்தின் விலைதான் மொத்த விலையில் பெரும்பகுதி. அதனால் இரண்டு கட்டடங்களை ஒப்பிடும்போது, கேட்கும் தொகையை நிலப்பங்கால் வகுத்துப் பாருங்கள். பளிங்குத் தரையும் கண்ணாடி மின்தூக்கியும் மறைத்து வைத்திருந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

உயரமான கட்டடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காற்றும் வெளிச்சமும் காவலும் மெட்ரோ அருகாமையும் வயதானவர்களுக்குப் பெரிய வரம். குறைந்த நிலத்துக்கு நிறைந்த நிலத்தின் விலையைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

அட்டையில் உள்ள சதுர அடியை நம்புவது

பங்காளி வகையில் எனக்கு அண்ணன் ஒருவர். 1,480 சதுர அடி என்று பேசி வாங்கினார். சாவி கைக்கு வந்த அன்று நானும் உடன் போயிருந்தேன். ஊரிலிருந்து லாரியில் ஏற்றி வந்த கருங்காலிக் கட்டிலைப் படுக்கையறையில் போட்டதும் அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. அண்ணி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக நாடா பிடித்து வீடு முழுவதையும் அளந்தோம். சுவருக்குள் கால் வைக்கக்கூடிய இடம் 985 சதுர அடி. மீதி எல்லாம் படிக்கட்டு, மின்தூக்கி, வரவேற்புக் கூடம், உடற்பயிற்சி அறை ஆகியவற்றில் அவருடைய பங்காம். அண்ணன் ஒன்றும் பேசாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இப்படிப் பொதுவிடப் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்அப் என்ற அளவைச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. கார்ப்பெட் ஏரியாவைத்தான் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தளமும் உட்சுவர்களும் அதில் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி, குழாய்கள் செல்லும் செங்குத்து இடைவெளிகள் சேரா. ஒப்பந்தத்தில் இந்த அளவு எழுதப்பட்டிருக்க வேண்டும். அட்டைப் படத்தில் அறையில் கிடக்கும் கட்டில் எத்தனை அடி நீளம் என்றும் கேளுங்கள். படத்துக் கட்டிலில் பல சமயம் குழந்தைதான் படுக்க முடியும்.

லாஃப்ட் என்ற பெயருக்கு மயங்குவது

நம் வீடுகளில் லாஃப்ட் என்றால் பரண்; கதவுக்கு மேலே அண்டாவும் மரப்பெட்டியும் ஏற்றி வைக்கும் இடம். விளம்பரத்தில் வரும் லாஃப்ட்டுக்கு வேறு கதை உண்டு. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் தொழிற்கூடங்கள் காலியாகிக் கிடந்தபோது, 1960களிலும் 70களிலும் ஓவியர்களும் சிற்பிகளும் அந்த உயரமான கூடங்களில் குடியேறினார்கள். அனுமதியின்றிக் குடியிருந்த அவர்களுக்காகவே 1982இல் அந்த மாநிலம் தனிச்சட்டம் இயற்றியது. அங்கே லாஃப்ட் என்பது பழைய கட்டடத்துக்குக் கிடைத்த மறுவாழ்வு. சென்னையிலும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை இயங்கிய பெரம்பூர்ப் பக்கத்து நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. ஆனால் அவை ஆலை இருந்த நிலத்தில் புதிதாகக் கட்டியவை. இங்கே லாஃப்ட் என்று விற்பது பெரும்பாலும் புதுக் கட்டடத்தில் இரட்டை உயரக் கூடமும் நடுவில் ஓர் இடைத்தளமும்தான்.

அப்படி ஒன்றை விரும்பினால் இரண்டு காரியம் செய்யுங்கள். இடைத்தளம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒப்புதல் அளித்த வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு போட்டுத் தருகிறோம் என்ற வாய்ச்சொல்லுக்கு வங்கியும் கடன் தராது, சட்டமும் துணை நிற்காது. அடுத்தது வெப்பம். உயரமான கூரை குளிர்ச்சி என்று நாம் நினைப்பது நம் வீட்டைப் பார்த்து. அங்கே வளவு வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. மேலேறிய சூடு வெளியே போய்விடுகிறது. மேலே திறப்பில்லாத இரட்டை உயரக் கூடத்தில் அந்தச் சூடு இடைத்தளத்துப் படுக்கையில்தான் வந்து தங்கும். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் மே மாதம் மாலை நான்கு மணிக்கு ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காகிதமும் காசும்

எட்டு வீடுகளுக்கு மேலோ, 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ உள்ள எந்தப் புதுத் திட்டமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகாமல் விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. ‘முன்வெளியீட்டு விலை’ என்று பதிவுக்கு முன்பே காசோலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவெண் இருந்தால் ஆணையத்தின் இணையதளத்தில் ஒப்புதல் வரைபடமும் முடிக்கவேண்டிய தேதியும் இருக்கும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்பதும் சட்டம். நம்மவர்கள் முகதாட்சண்யத்தில் 30 சதவீதம் வரை கொடுத்துவிட்டு வந்து ரசீதை மட்டும் காட்டுகிறார்கள்.

தாய்ப் பத்திரத்திலிருந்து வரும் சங்கிலியை வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். 30 ஆண்டு வில்லங்கச் சான்று கட்டாயம் வேண்டும். நில உரிமையாளர் வேறு, கட்டுபவர் வேறு என்றால் அவர்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தையும் அதிகாரப் பத்திரத்தையும் கேளுங்கள். பங்காளி ஒருவர் கையெழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய வங்கி கடன் கொடுக்கிறதே என்பதை உரிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்தாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவனாகச் சொல்கிறேன்: வங்கி பார்ப்பது தன் கடனின் பாதுகாப்பை. உங்கள் பேரன் காலத்து வழக்கை அது பார்ப்பதில்லை.

விலைக்கு மேல் என்னென்ன வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வீடுகளுக்கு 1 சதவீதம்; பணி முடிவுச் சான்றிதழ் வந்தபின் வாங்கினால் இல்லை. 2023 டிசம்பரிலிருந்து புதிய அடுக்குமாடி வீட்டுக்கு நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே பத்திரம் பதிகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 50 லட்சம் வரை 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9.

ஊர் வீட்டை விற்ற பணத்தில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. மூலதன ஆதாய வரிவிலக்கு வேண்டுமென்றால் கட்டிய வீட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் வாங்க வேண்டும். கட்டுவதென்றால் மூன்று ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். கட்டுபவர் நான்காம் ஆண்டுக்கு இழுத்தால் வரி நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். அதனால் விற்ற பணம் என்றால் முடிந்த வீட்டையோ முடியும் தறுவாயில் உள்ளதையோ பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

பொதுவிடத்தை எட்டிப் பார்க்காதது

பூங்கா என்று அட்டையில் பச்சையாக வரைந்திருப்பது உங்களுடையதா என்று கேளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதன்பின் அது ஊருக்குப் பொது. அதைக் காட்டித் தனிப் பூங்கா என்று விலையைக் கூட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூரையில்லாத வாகன நிறுத்தத்தையும் சட்டம் பொதுப்பகுதி என்றே சொல்கிறது. அதைத் தனியாக விற்க முடியாது.

2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள், விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில்தான் நம் முன்னோர் வீட்டுத் தரையை ஆள் உயரத்துக்கு மேடாக்கிக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் பிள்ளைகள் வாகனமும் மின்மாற்றியும் ஜெனரேட்டரும் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று பார்க்காமல் பத்திரம் பதியலாமா?

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசவேண்டும். நம் ஊரில் பெரிய வீடுகள் ஏன் பாழாயின? பணமில்லாமல் அல்ல. ஓடு மாற்ற பர்மாக்காரப் புள்ளி கொடுத்தார், பம்பாயில் இருப்பவர் கொடுக்கவில்லை, மூன்றாமவர் நான் வந்து தங்குவதே இல்லையே என்றார். ஒரு மழைக்கு ஒழுகியது. பத்து மழைக்கு உத்தரம் இற்றது. இருபது மாடிக் கட்டடத்திலும் இதே கதை நடக்கும். என்ன, பங்காளிகள் இருநூறு பேர். நீச்சல் குளம், ஆறு மின்தூக்கி, நடுக்கூடத்துக் குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் சதுர அடிக் கணக்கில் பணம் வேண்டும். வாங்கும் முன் அந்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். பராமரிப்பு வைப்புநிதி யார் பெயரில் எந்தக் கணக்கில் இருக்கிறது, குடியிருப்போர் சங்கத்துக்கு எப்போது மாறும் என்பதும் ஒப்பந்தத்தில் வரவேண்டும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு முன்பதிவு ஆனதிலிருந்து மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைக்க வழிசெய்ய வேண்டும் என்பது பொதுவிதி. அந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். திருமணத்துக்குப் போவதுபோல் கட்டாயம் போங்கள்.

சாவி வாங்கும் நாள்

பணி முடிவுச் சான்றிதழ் இல்லாமல் பால் காய்ச்சாதீர்கள். நல்ல நாள் போய்விடுமே என்று எத்தனையோ பேர் அவசரப்பட்டு, நிலையான மின் இணைப்புக்கு மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

அன்று ஒரு வாளியும் ஒரு கோலிக்குண்டும் எடுத்துப் போங்கள். குளியலறையிலும் பால்கனியிலும் வாளித் தண்ணீரை ஊற்றினால் வடிகாலை நோக்கி ஓடவேண்டும். மூலையில் தேங்கினால் கீழ்வீட்டுக்காரரோடு பகை தொடங்கிவிட்டது என்று பொருள். கூடத்தில் கோலியை விட்டால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். தரை ஓடு ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். உள்ளே சாந்து இல்லாத இடம் பொத்தென்று ஒலிக்கும். ஆத்தங்குடி ஓடு பதிக்கும் கொத்தனார் செய்வது இதைத்தான். குறைகளைத் தேதியோடு எழுதி, படம் எடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கட்டுமானக் குறையை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாட்களுக்குள் தம் செலவில் சரிசெய்து தரவேண்டும். அண்ணன் வீட்டுப் பால்கனித் தரையை அப்படித்தான் நான்காம் ஆண்டில் பெயர்த்து மறுபடி போட வைத்தோம்.