விர்ச்சுவல்பாக்ஸில் மெய்நிகர் வலையட்டைகளை அமைத்தல்

விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் மூலம் விண்டோஸுக்குள்ளேயே இயங்கும் மெய்நிகர் கணினிக்குள் இணையம் வருகிறது, ஆனால் விண்டோஸிலிருந்து அதற்குள் நுழைய முடியவில்லை என்பதே வேலூர், காட்பாடிப் பக்கத்தில் லினக்ஸ் கற்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் ஐயம். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாகத் தரும் ‘நாட்’ முறையில், மென்பொருளே நடுவில் ரவுட்டராக நின்று, உள்ளிருக்கும் கணினிக்கு 10.0.2.15 என்ற ஐபி முகவரியை (வலையில் கணினியை அடையாளம் காட்டும் எண்) தருகிறது. உள்ளிருந்து வெளியே செல்லலாம், வெளியிலிருந்து எவரும் தாமாக உள்ளே வர இயலாது.

இதற்காகப் பலரும் உடனே ‘பிரிட்ஜ்டு’ முறைக்கு மாறுகிறார்கள். அதில் மெய்நிகர் கணினி தனி மேக் முகவரியுடன் (வலையட்டைக்குரிய அடையாள எண்) வீட்டு ரவுட்டரிடமே ஐபி கேட்கும். குடியாத்தத்தில் உள்ள உங்கள் வீட்டில் அது சரியாக வேலை செய்யலாம்; ஆனால் பதிவு செய்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் விடுதி வைஃபையில் முகவரியே கிடைக்காமல் போகலாம். ஆகவே, தொடக்க நிலையில், இணையத்துக்கு ஒன்று, விண்டோஸிலிருந்து உள்ளே நுழைய ஒன்று என இரண்டு வலையட்டைகள் (அடாப்டர்கள்) வைத்துக்கொள்வதையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் மெய்நிகர் கணினியை முழுவதும் அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அடாப்டர் 1 நாட் முறையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, அடாப்டர் 2-ஐ இயக்கி, அதற்கு, விண்டோஸையும் மெய்நிகர் கணினியையும் மட்டும் தனி வலையில் இணைக்கும் ‘ஹோஸ்ட்-ஒன்லி’ முறையைத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப் பட்டியல் காலியாக இருந்தால், முகப்பின் டூல்ஸ் பகுதியில் உள்ள நெட்வொர்க்கில் புதிதாக ஒன்றை உருவாக்கி, முகவரிகளைத் தானாக வழங்கும் அதன் டிஹெச்சிபி சர்வரை இயக்க வேண்டும்.

இப்போது மெய்நிகர் கணினியை இயக்குங்கள். அதில் உள்ளது லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு டெஸ்க்டாப் என்றால், அது இரண்டாவது அட்டையைத் தானே கண்டுகொள்ளும். உபுண்டு சர்வரில், நிறுவியபின் சேர்த்த அட்டையை, வலை அமைப்புகளைக் கொண்ட நெட்பிளான் கோப்பில் நீங்களே எழுதி, டிஹெச்சிபி-யை இயக்கினால்தான் முகவரி கிடைக்கும். தொடக்கநிலையினர் பலர் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸின் இயல்பான அமைப்பில், மெய்நிகர் கணினியின் இரண்டாவது அட்டைக்கு 192.168.56.101 போன்ற முகவரி கிடைக்கும். அதே வலையில் உங்கள் விண்டோஸின் முகவரி 192.168.56.1 ஆக இருக்கும்.

சோதிக்கும்போது விண்டோஸிலிருந்து உள்ளே பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) அனுப்புங்கள், ஏனெனில் எதிர்த் திசையில் வரும் பிங்கை விண்டோஸ் ஃபயர்வால் தடுத்துவிடக்கூடும். பதில் வந்ததும், உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி, அதே முகவரிக்கு விண்டோஸிலிருந்து எஸ்எஸ்எச் (வேறொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் முறை) வழியாக நுழையலாம்.

ஆய்வகத்தில் ஒருவர் உருவாக்கிய மெய்நிகர் கணினியின் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்துப் பலரும் பிரிட்ஜ்டு முறையில் இயக்கினால், எல்லா நகல்களும் ஒரே மேக் முகவரியுடன் மோதிக்கொள்ளும். அப்படி வாங்கியவர்கள் முதன்முறை இயக்கும் முன்பே, நெட்வொர்க் பகுதியில் மேக் முகவரியின் அருகிலுள்ள சுழல் அம்புக்குறியை அழுத்திப் புதிய முகவரியை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.