பனியில் அணைந்த அடுப்பு

உத்தராகண்ட் இமயமலையில், கேதார்காந்தா பனி முகாமில் என் சின்ன கேஸ் அடுப்பு காலையில் மினுக்கிவிட்டு அணைந்துபோனது. காரைக்குடி திரும்பி வளவில் பற்றவைத்தால் ஜம்மென்று எரிகிறது. கேஸ் வரும் துளையை (ஜெட்) ஊசியால் குத்தினேன், வாஷர் மாற்றினேன். மூன்று நாள் வீண்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது: அன்று கேஸ் டப்பாவைக் குலுக்கியபோது உள்ளே சளக்சளக்கென்று சத்தம் கேட்டது. கேஸ் தீரவில்லை! உப்புப் போட்ட ஐஸ் வாளியில் டப்பாவை ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். அதே மினுக்கல். உள்ளே இருந்தது வெறும் பியூட்டேன், மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே அது கொதிக்காது, அடுப்புக்கு வாயு ஏறாது. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன், சுடர் எழும்பியது.

அடுத்த பயணத்துக்கு, இன்னும் கடுங்குளிரிலும் வாயுவாகும் ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த டப்பா வாங்கினேன். இரவில் அது என் ஸ்லீப்பிங் பேக்குக்குள். காலையில் கூடாரத்துக்கு வெளியே (உள்ளே எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்) காபித் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.