மிதக்கும் முன்னால் எழுந்து நிற்கணும்: நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தொடங்குவோருக்கு

ஏப்ரல் பிறந்தால் மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்து நீச்சல் குளத்தில் பிள்ளைகள் கூட்டம் சேர்ந்துவிடும். மேலூர், அலங்காநல்லூர், சோழவந்தான் பக்கம் தோட்டத்துக் கிணறுகளில் மாமாவோ சித்தப்பாவோ முதுகில் கேனைக் கட்டி இறக்கிவிடுவார். குளத்தில் கம்பியைப் பிடித்துக் கால் அடிக்கச் சொல்வார்கள். கிணற்றில் "கை காலை அடிடா" என்பதே முழுப் பாடம். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் ஒன்று விட்டுப்போகிறது. தண்ணீரில் குப்புறக் கிடப்பவர் திரும்பக் காலூன்றி நிற்பது எப்படி? அது தெரியாதவருக்கு இடுப்பளவுத் தண்ணீரும் ஆள் ஆழம்தான்.

குளத்தில் புதிதாக உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்திருப்பவருக்கும், சொந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோருக்கும் இது உதவும். உங்களுக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறது. தெரியாதவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க இறங்க வேண்டாம்.

இடம்

கற்பவரின் தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் தண்ணீர் நிற்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டரை அடி போதும், பெரியவருக்கு மூன்றரையிலிருந்து நான்கு அடி. இந்த அளவு கிணற்றில் கிடைக்காது. அதனால் கிராமத்தில் முதல் சில நாள் வகுப்பைப் பம்புசெட் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுவிடுவது, எழுந்து நிற்பது இரண்டையும் தொட்டியிலேயே முடித்துவிடலாம். தொட்டியின் வெளிவாய்க் குழாய்ப் பக்கம் பிள்ளையை விட வேண்டாம், தண்ணீர் போகும் வேகத்தில் கை கால் சிக்கும்.

கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் மோட்டார் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே இறக்கிவிடுங்கள். பழைய வயரில் கசிவு இருந்தால் தண்ணீர் முழுவதும் மின்சாரம் பாயும். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தண்ணீரில், ஒருவர் படியில் கயிற்றோடு. கல்குவாரிப் பள்ளம், தண்ணீர் திறந்துவிட்ட பெரியாறு கால்வாய், கண்மாயில் மடைப் பக்கம் ஆகிய மூன்றும் கற்றுக்கொள்ளும் இடமே இல்லை. குவாரியில் கரையிலிருந்து ஒரு எட்டு வைத்தாலே ஆழம். ஏறிவரப் படியும் இருக்காது. திறந்த மடை ஆளை உள்ளே இழுத்துவிடும்.

முதல் படி: மூச்சு

முதல் வகுப்பில் கைக்கும் காலுக்கும் வேலையே இல்லை. மூக்கில் தண்ணீர் ஏறாது என்று கற்பவருக்கு நம்பிக்கை வர வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எளிய வழி முனகுவது. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகினால் காற்று மூக்கு வழியாகத்தான் வெளியே வர முடியும். காற்று வெளியே வருகிறவரை தண்ணீர் உள்ளே போகாது.

வாய் மட்டும், பிறகு மூக்கு வரை, பிறகு கண் வரை, கடைசியாகத் தலை முழுவதும் என்று கொஞ்சம் கொஞ்சமாக முங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டே முங்கி, முனகல் தீரும் முன்னால் எழ வேண்டும். எழுந்ததும் முகத்தைத் துடைக்க விடாதீர்கள். கையால் முகத்தை வழிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பின்னால் நீந்தும்போது பாதியில் கை முகத்துக்குப் போய்விடும். கண்ணை இரண்டு தரம் சிமிட்டினால் தண்ணீர் தானே இறங்கும்.

பிள்ளைக்கு இதை விளையாட்டாக வையுங்கள். சூடான டீயை ஆற்றுவதுபோல் தண்ணீரை ஊதச் சொல்லலாம், அடியில் எவர்சில்வர் டம்ளரைப் போட்டு எடுக்கச் சொல்லலாம். காசு வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்ளும். பெரியவரிடம் இந்த விளையாட்டெல்லாம் எடுபடாது. அவருக்குக் காரணம் தெரிய வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கித் தரையில் உட்காரப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார வராது, உடம்பு மேலே எழும்பும். மூழ்குவதற்கே பாடுபட வேண்டியிருக்கிறது என்று அவரே கண்டுகொண்டால், "பயப்படாதீங்க சார்" என்று பத்து முறை சொல்வதைவிட அது பலன் தரும்.

தம் கட்டும் போட்டி மட்டும் கூடவே கூடாது. வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்துவிட்டு முங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சு விடத் தூண்டுவதே அந்த வாயுதான். அது குறைந்திருப்பதால், எழ வேண்டும் என்று உடம்பு சொல்வதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பும். நன்றாக நீந்தும் விடலைகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

இரண்டாம் படி: எழுந்து நிற்பது

குப்புற மிதக்கும் ஒருவர் அவசரத்தில் செய்வது தலையைத் தூக்குவது. தலை நான்கைந்து கிலோ கனம். அது தண்ணீருக்கு மேலே வந்ததும் அந்தக் கனத்தை உடம்பு சுமக்க வேண்டியிருப்பதால் இடுப்பு கீழே போகும். ஆனால் கால் இன்னும் பின்னால் நீட்டியபடியே இருக்கும், தரையைத் தொடாது. கை தண்ணீரை அறையும், வாய் திறக்கும், ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போகும். மூன்றடித் தண்ணீரில் பெரியவர்கள் தத்தளிப்பது இப்படித்தான்.

சரியான வரிசை இது. முதலில் இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில், முன்னால் நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கித் தொடை வரை அழுத்த வேண்டும். உடம்பு தானே செங்குத்தாகத் திரும்பும். பாதம் தரையில் பட்டபின் கடைசியாகத் தலை எழ வேண்டும். "முட்டி, கை, பாதம், தலை" என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள்.

முதலில் கரையில் நின்று கை அசைவை மட்டும் செய்து காட்டுங்கள். பிறகு தண்ணீரில், அவர் எதிரே நின்று உங்கள் உள்ளங்கைமேல் அவர் கைகளை வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது, அவர்தான் உங்களைப் பிடித்திருக்க வேண்டும். விடுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கும்போது பயம் குறையும். முகத்தைத் தண்ணீரில் வைத்துக் காலை எழும்ப விட்டு, மூன்று எண்ணியதும் முட்டியை மடக்கி நிற்கட்டும். பத்துப் பதினைந்து தடவை தடுமாறாமல் எழுந்த பிறகுதான் கையை எடுங்கள். மல்லாக்க மிதப்பதிலிருந்து எழுவது வேறு: நாடியை நெஞ்சில் சேர்த்து, முட்டியை மடக்கி, இரண்டு கையாலும் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் அள்ள வேண்டும். இதற்கும் அதே அளவு பயிற்சி கொடுங்கள்.

கோடையில் நடக்கும் 12 நாள் வகுப்புகளில் இதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறதே என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

மூன்றாம் படி: மிதப்பது, சறுக்குவது

எழத் தெரிந்தவருக்கு மிதப்பது பெரிய வித்தை இல்லை. மூச்சை இழுத்து, முகத்தை உள்ளே வைத்து, பார்வை நேர்கீழே, கைகள் காதை ஒட்டி முன்னால். சிலருக்குக் கால் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். மெலிந்த, தசை இறுகிய ஆண்கள்தான் பெரும்பாலும் இப்படி. "கடப்பாரை நீச்சல்" என்று கூட இருப்பவர்கள் கிண்டலடிப்பார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அவர் செய்யும் தவறு எதுவும் இல்லை. மிதக்க வைக்கும் காற்று நெஞ்சில் இருக்கிறது, கனமோ இடுப்பிலும் தொடையிலும். அசையாமல் மிதக்கச் சொல்லி அவரை வதைக்காமல் நேராகச் சறுக்குவதற்குப் போய்விடுங்கள். உடம்பு முன்னால் நகர்ந்தாலே கால் மேலே வரும்.

சறுக்குவது: முதுகைச் சுவரில் சாய்த்து, ஒரு பாதத்தைச் சுவரில் ஊன்றி, முகத்தை உள்ளே வைத்த பிறகு உந்த வேண்டும். உந்திவிட்டு முகத்தை வைப்பவர் பாதியில் நின்றுவிடுவார். நான்கைந்து மீட்டர் போனதும் "முட்டி, கை, பாதம், தலை".

நான்காம் படி: கால்

இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும், முட்டி லேசாகத்தான் மடங்கும். தவறாகச் செய்பவர் சைக்கிள் மிதிப்பார்: நுரை பறக்கும், ஆள் நகர மாட்டார். பெரியவர்களில் இன்னொரு சங்கடம் கணுக்கால். வருஷக்கணக்கில் விறைத்துப்போன கணுக்கால் கொக்கி மாதிரி மடங்கியே நிற்கும், மிதவைப் பலகையைப் பிடித்து அடித்தால் சிலர் பின்னோக்கிக்கூடப் போவார்கள். வீட்டில் தினமும் மண்டிபோட்டுக் குதிகால்மேல் உட்காரச் சொல்லுங்கள், சில வாரத்தில் இளகும். முட்டிவலி உள்ளவர் இதைச் செய்ய வேண்டாம்.

பலகையைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டும். நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் உடம்பு நட்டுக்க நிற்கும்.

ஐந்தாம் படி: கையும் பக்கவாட்டு மூச்சும்

கை வீச்சைப் பெரும்பாலோர் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். சிக்கல் மூச்சில். "ரெண்டு தடவை கை வீசினாலே மூச்சு வாங்குது மாஸ்டர்" என்பவருக்குத் தெம்பு இல்லை என்று நினைக்காதீர்கள். அவர் தண்ணீருக்குள் தம் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிய அந்த ஒரு நொடிக்குள் விடவும் இழுக்கவும் பார்க்கிறார். பழைய காற்று வெளியே போகாமல் புதுக்காற்று எங்கே நுழையும்? முதல் நாள் முனகலுக்கு இங்கேதான் பலன்: முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வெளியே வந்ததும் இழுப்பது மட்டும்தான். திரும்பும்போது ஒரு காது தண்ணீரிலேயே இருக்கட்டும். இரண்டு காதும் வெளியே வந்தால் தலை தூக்கிவிட்டார் என்று பொருள், கால் இறங்கும்.

கேன், டியூப், கைவளையம்

கையில் மாட்டும் காற்று வளையத்தைத் தவிர்த்துவிடலாம். அது பிள்ளையை நிமிர்ந்தே நிற்க வைக்கும், நீந்த உடம்பு படுக்க வேண்டும். மாட்டிய பிள்ளை தன்னால் மிதக்க முடியும் என்று நம்பி, கழற்றிய பிறகும் குதிக்கும். லாரி டியூப் குடை சாயும்.

பழைய சுரைக்குடுக்கையும் அதன் இடத்துக்கு வந்த பிளாஸ்டிக் கேனும் பரவாயில்லை, கட்டும் விதம் சரியாக இருந்தால். மூடியை இறுக்கிய ஐந்து லிட்டர் வெற்றுக் கேன் கிட்டத்தட்ட ஐந்து கிலோவைத் தாங்கும். தண்ணீருக்குள் பிள்ளையின் எடை அதைவிடக் குறைவு. கேனை முதுகில் தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள். இடுப்பில் கட்டினால் பின்புறம் தூக்கி முகம் முங்கும், வயிற்றில் கட்டினால் ஆளையே புரட்டும். சுருக்குமுடிச்சு போடாதீர்கள், நனைந்து இழுபடும்போது நெஞ்சை இறுக்கும். கரைக்காரர் பிடிக்கும் கயிறு கேனில் இல்லாமல் பிள்ளையின் உடம்பில் கட்டியிருக்க வேண்டும். பழகப் பழக கேனுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றித் தாங்கும் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே நாளில் அவிழ்ப்பதைவிட இது நல்லது, எப்போது கேன் உதவாமல் போனது என்று பிள்ளைக்கே தெரியாது.

பிள்ளைக்கு ஒரு விதம், பெரியவருக்கு ஒரு விதம்

நான்கு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகள் வகுப்புக்குத் தயார். ஒரு பயிற்சியாளருக்கு நான்கைந்து பிள்ளைகள், அதற்கு மேல் போனால் தலை எண்ணவே நேரம் சரியாகிவிடும். முறைக்காகக் காத்திருப்பவர்கள் கரை விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டட்டும், தண்ணீருக்குள் காத்திருக்க வேண்டாம். அரை மணி நேரம் போதும். உதடு நீலம் பாய்ந்தாலோ பல் கிட்டித்தாலோ அப்போதே வெளியே எடுத்துத் துவட்டுங்கள். தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிரும், மார்கழி காலையில் சொல்லவே வேண்டாம்.

பிள்ளையிடம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம்: "பாப்பா, கீழே டம்ளரைப் பாரு." பெரியவரிடம் என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்பதை இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எங்கே பிடிப்பீர்கள் என்பதையும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள், உள்ளங்கை, பிடரி, மேல்முதுகு தவிர வேறெங்கும் கை போக வேண்டிய தேவை இல்லை. பெண்களுக்குத் தனி வகுப்பும் பெண் பயிற்சியாளரும் இருந்தால் பாதித் தயக்கம் போய்விடும். காட்டன் சுடிதார் தண்ணீரை உறிஞ்சிக் கனத்து இழுக்கும். முழுக்கை நைலான் நீச்சல் உடை கிடைக்கிறது, அதைப் பரிந்துரையுங்கள்.

தள்ளிவிடுவது யாருக்கும் வேண்டாம். "என்னையெல்லாம் கிணத்துல தூக்கிப் போட்டாங்க, நான் கத்துக்கலையா?" என்பார்கள் அண்ணன்மார். தூக்கிப் போட்டதால் தண்ணீர்ப் பக்கமே வராமல் போனவர்கள் அந்தக் கதையைச் சொல்ல வருவதில்லை. திடீரென்று விழுபவர் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுப்பார், தண்ணீரும் சேர்ந்து போகும்.

தவறு நடந்தால்

மூழ்குபவர் சினிமாவில் வருவதுபோல் கத்த மாட்டார், கை அசைத்துக் கூப்பிடவும் மாட்டார். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, சத்தமில்லாமல் நிற்பார். முதலில் கம்பு, கயிறு, வேட்டி, கேன் எதையாவது நீட்டுங்கள் அல்லது எறியுங்கள். பழகாதவர் குதித்தால் இரண்டு உயிர்.

வெளியே எடுத்ததும் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எதுவும் செய்யாதீர்கள். மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் வாயில் வாய் வைத்து ஐந்து முறை ஊதித் தொடங்கட்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி அதே. அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பெரியவருக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்க வேண்டும், பிள்ளைக்கு நெஞ்சின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. தானே கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

எப்போது "நீச்சல் தெரியும்" என்று சொல்லலாம்

குளத்தின் ஒரு நீளத்தைக் கடந்துவிட்டால் போதாது. கால் எட்டாத தண்ணீரில், நீங்கள் பக்கத்திலேயே இருக்க, இதை வரிசையாகச் செய்ய வேண்டும்: குதித்து முழுவதும் முங்கி மேலே வருவது, ஒரு நிமிடம் மல்லாக்க மிதப்பது, சுற்றித் திரும்பி ஏறும் இடம் எங்கே என்று பார்ப்பது, நிற்காமல் 25 மீட்டர் நீந்தி அங்கே வந்து, யாரும் கை கொடுக்காமல் மேலே ஏறுவது. குளத்தில் தேறியவர் கிணற்றுக்குப் போனால் ஏறுவதை மட்டும் தனியாகப் பழக்குங்கள். கிணற்றுப் படியில் பாசி இருக்கும், கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் கீழ்ப்படிக்குக் கை எட்டாமலும் போகும். அந்த மாதங்களில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைத் தண்ணீரைத் தொடும்படி தொங்கவிட்டுவிட்டுத்தான் யாரையும் இறக்க வேண்டும்.