இறுகிப்போன ஸ்டட்டை முறிக்காமல் கழற்றுவது எப்படி?

ஸ்டட் என்றால் தலையில்லாமல் மரை மட்டும் போட்ட கம்பி; ஒரு முனை எஞ்சினுக்குள் ஏறியிருக்கும், மறுமுனையில் நட்டு. எஞ்சின் வேலையில் அதிகம் மக்கர் செய்வது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) ஸ்டட்டுகள்தான். பெரும்பாலும் எம்8 (8 மி.மீ. விட்டம்) அளவு. ஸ்டட் எஃகு, அது ஏறியிருக்கும் ஹெட் (எஞ்சின் சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, மரைக்குள் அரிப்புப் பொடி இறுகிவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஹெட்டோடு ஒட்ட முறியும்.

1. முதல் நாள் மாலையே வயர் பிரஷால் துருவைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயிலை மரையின் அடியில் விடுங்கள். இதற்கென்றே வரும் பெனட்ரேட்டிங் ஆயில்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிக்கும் சாதா ஸ்ப்ரே போதாது. ஸ்டட் முனையில் ஒரு பழைய நட்டை ஏற்றி, சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு லேசாகத் தட்டுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

2. இரட்டை நட்டு. வெளியே 14 மி.மீ. மரை இருந்தால் இரண்டு எம்8 நட்டு உட்காரும். இரண்டு ஸ்பானர் போட்டு, ஒன்றோடொன்று நன்றாக இறுக்குங்கள். புதியவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்: கழற்ற ஸ்பானர் போட வேண்டியது ஹெட் பக்கம் உள்ள உள் நட்டில். வெளி நட்டைத் திருப்பினால் அது மட்டும் கழன்று வரும். உள் நட்டோ வெளி நட்டின் மேல் முட்டி ஸ்டட்டையும் சேர்த்துத் திருப்பும்.

3. அசையவில்லையா? சூடு. ஆயிலைச் சுத்தமாகத் துடையுங்கள், தீப்பிடிக்கும். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். சூடு காட்ட வேண்டியது ஸ்டட்டுக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் துளை இளகும். ஆனால் அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும், நிறத்தைப் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது. 150 டிகிரி தாராளம்; ஹீட் கன் பாதுகாப்பு. சூட்டோடு மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால், உருகி உள்ளே இறங்கும்.

இப்போது திருப்பும்போது கையில் கவனம் இருக்கட்டும். "டக்" என்று விட்டால் நல்லது. ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டே போனால் ஸ்டட் முறியப்போகிறது, உடனே நிறுத்துங்கள். கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள்.

4. இரண்டு நட்டு ஏற்ற வெளியே மரை இல்லையென்றால் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் (ஸ்டட்டைக் கவ்வித் திருப்பும் கருவி). உருளை வைத்துக் கவ்வும் வகையை ஹெட்டுக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். ஸ்டட் வீணாகும், புதிது போட வேண்டும். மரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால், மரையைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் காலெட் வகை. வைஸ் கிரிப் (பூட்டிக்கொள்ளும் பிளையர்) வழுக்கி வழுக்கி ஸ்டட்டை உருண்டையாக்கிவிடும், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. முறிந்தே போனால், பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, மேலே ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு அடிப்பதுதான் சிறந்த வழி; அந்தச் சூடே பாதி வேலை செய்யும். ஈசி அவுட்டை (முறிந்த ஸ்டட்டில் துளை போட்டு, உள்ளே செருகித் திருப்பும் கடின எஃகு ஆணி) தவிர்த்துவிடுங்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறவே ஏறாது. துளை போடத்தான் வேண்டுமென்றால் நட்டநடுவில் பஞ்ச் அடித்து, இடதுசுற்று பிட்டில் (கழற்றும் திசையிலேயே சுற்றித் துளைக்கும் டிரில் பிட்) 3 மி.மீ.யில் தொடங்குங்கள்.

புது ஸ்டட் போடுமுன் துளையின் மரையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, ஆன்டி-சீஸ் (மரை இறுகாமல் தடுக்கும் பசை) தடவி, கையாலேயே ஏற்றுங்கள்.

பின்சேர்க்கை: பழைய ஸ்டட் வந்த துளையில் கூலன்ட் கசிந்தால், அது வாட்டர் ஜாக்கெட் (எஞ்சினுக்குள் கூலன்ட் ஓடும் பாதை) வரை போகும் துளை. அங்கே ஆன்டி-சீஸ் கூடாது, த்ரெட் சீலன்ட் (மரை வழிக் கசிவை அடைக்கும் பசை) தடவுங்கள்.