கண்புரை ஆபரேஷனுக்குக் கூடப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்மாவின் இடது கண்ணில் புரை இருக்கிறது என்று ஊருக்கு வந்த கேம்ப்பிலேயே சொல்லிவிட்டார்கள். “முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று சொந்தக்காரர்கள் சொன்னதைக் கேட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தோம். அதற்குள் கண்ணாடியை இரண்டு முறை மாற்றியாயிற்று. ஒரு சாயங்காலம் வாசல்படி தெரியாமல் விழுந்து அம்மாவுக்குக் கை வீங்கிய பிறகுதான் மதுரைக்குக் கிளம்பினோம். முத்தும் வரை காத்திருந்தது பழைய அறுவை முறையின் காலத்தில். இப்போது அது தேவையில்லை. ரொம்ப முற்றினால் புரை இறுகிப்போய் ஆபரேஷன்தான் சிரமமாகும். சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். படி இறங்கவும் அரிசியில் கல் பார்க்கவும் பஸ் போர்டு படிக்கவும் தடுமாற்றம் வந்துவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நாங்கள் போனது அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. பணம் கட்டும் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளிலும் புரையை எடுத்துக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்து இலவசமாகச் செய்கிறார்கள். எங்கே போனாலும் முதல் நாளைப் பாதி நாள் வேலை என்று நினைக்காதீர்கள், முழு நாளையும் ஒதுக்குங்கள்.

பழைய கண்ணாடி, ஆதார் அட்டை, இதுவரை பார்த்த சீட்டுகள் எல்லாம் பையில் இருக்கட்டும். மாத்திரைகளின் பெயரைச் சொன்னால் போதாது, அட்டையோடு கொண்டுபோங்கள். ஆண்களுக்கு இது இன்னும் முக்கியம். சிறுநீர் தடையில்லாமல் போக டாம்சுலோசின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போது கண்ணின் பாப்பா சரியாக விரியாமல் சுருங்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்குத் தயாராக இருப்பார். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

சீட்டு போட்டதும் எழுத்துப் பலகை வைத்துப் பார்வையைச் சோதிப்பார்கள். அப்புறம் கண் பிரஷர், ரத்த அழுத்தம், சுகர். மூக்கோரக் கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்தி அடைப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தண்ணீர் தொண்டைக்கு வரும்போது அம்மா பதறிவிட்டார். நான் முதலிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். அடுத்து பாப்பா விரிய மருந்து விடுவார்கள். எரியும், சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். அன்றைக்கு அவர் வண்டி ஓட்டக் கூடாது. விரிந்த பிறகு விழித்திரையைப் பார்ப்பார்கள். சுகர் அங்கே ஏதாவது செய்திருந்தால் இதில்தான் தெரியவரும். இடையில் காத்திருப்பு நீளும், சுகர் உள்ளவருக்குச் சாப்பாட்டு வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை அளந்து லென்ஸ் பவர் குறித்த பிறகு கவுன்சிலிங். அவசரப்படாமல் கேளுங்கள். சாதாரண லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் தூரம் நன்றாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். விலை குறைவான லென்ஸ் என்றால் மட்டம் என்று கலங்க வேண்டாம். வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்ததால்தான் 1992-ல் அரவிந்த்காரர்கள் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். ஊரில் “லேசர் ஆபரேஷன்” என்று சொல்வது பெரும்பாலும் பேக்கோ முறையைத்தான். அதில் புரையை உடைப்பது ஒலி அலை. புரையை முழுசாக வெளியே எடுக்கும் இன்னொரு முறையும் உண்டு, அதிலும் பெரும்பாலும் தையல் கிடையாது. புரை முற்றியிருந்தால் அதுவே பொருத்தமாக இருக்கலாம். டாக்டர் எதைச் சொல்கிறார், ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று சாப்பிடலாமா, எந்த மாத்திரை போடலாம் என்பதை முன்தினமே எழுதி வாங்குங்கள். முழு மயக்கம் கிடையாது, கண் மட்டும்தான் மரத்துப்போகும். முகத்தில் துணி மூடியிருக்கும், வெளிச்சமும் பேச்சுச் சத்தமும் தெரியும், அசையக் கூடாது. இருமல் வந்தால் முதலில் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இடது காது மந்தம். சிஸ்டரிடம் சொன்னேன், உள்ளே வலது பக்கம் நின்றே பேசியிருக்கிறார். அம்மா அரை மணிக்குள் வெளியே வந்துவிட்டார்.

இனி உங்கள் வேலை. சொட்டு மருந்து விடுவதுதான் இதில் பெரிய பாடு. எங்களுக்கு முதல் வாரம் தினம் 6 வேளை, பிறகு ஒவ்வொரு வாரமும் தினசரி வேளையில் ஒன்றைக் குறைத்து எழுதியிருந்தார்கள். உங்கள் சீட்டில் உள்ளபடி செய்யுங்கள், கண் தெளிந்துவிட்டது என்று பாதியில் விடாதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, அந்தக் குழியில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து என்றால் நடுவே 5 நிமிஷம் விடுங்கள். நான் காலண்டரில் கோடு போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் மதியச் சொட்டு மறந்துவிடும். சொன்ன நாள் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்புப் புகை ஆகாது, கண்ணைக் கசக்கக் கூடாது, குனிந்து குடம் தூக்கக் கூடாது.

லேசான உறுத்தலும் நீர் வடிவதும் சகஜம். வலி கூடினால், சிவப்பு ஏறினால், தெரிந்த பார்வை மங்கினால், சீழ் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள். தாமதித்தால் கண்ணே போகலாம்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கொடியில் கிடந்த சேலையைப் பார்த்து, “இது சாம்பல் கலர் இல்லையா, நீலமா?” என்றார். புரை வழியாக எல்லாமே பழுப்பேறித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான் கண்ணாடிக்கு அளவு எழுதினார்கள், அதற்கு முன் கடையில் போய் வாங்காதீர்கள். லென்ஸ் விவரம் ஒட்டிய அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கண்ணுக்குப் போனபோது முதலில் கேட்டது அதைத்தான். அம்மா அதை ரேஷன் கார்டோடு வைத்திருந்தார்.