பழைய ரப்பர் படகு: ஒட்டலாமா, மாற்றலாமா?

என் ரப்பர் படகுக்கு 13 வயது ஆகிறது. இந்த முறை ஒட்டுவதா, விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க ஒரு வாரம் பிடித்தது. ஓட்டை பெரிதாக இருந்தால் படகு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முள்ளோ பாறையோ கிழித்த ஓட்டை நேற்று வாங்கிய படகிலும் விழும். படகின் வயதைக் காட்டுவது, துணித்துண்டுகளைப் பசையால் ஒட்டிச் சேர்த்த மூட்டுதான்.

முதலில் எல்லா அறைகளிலும் காற்றடைத்து நிழலில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு அடைத்தால் மறுநாள் அதே நேரம் பாருங்கள். வெயிலில் காற்று விரியும், இரவுக் குளிரில் சுருங்கும். மதியம் அடைத்துவிட்டு மாலையில் தொட்டுப் பார்த்து "இறங்கிவிட்டது" என்று பதற வேண்டாம். உண்மையிலேயே இறங்கியிருந்தால் முதலில் வால்வில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான். வாஷரைத் துடைத்து, வால்வை இறுக்கினாலே சரியாகிவிடும்.

வால்வு நன்றாக இருந்தால் மூட்டு முழுக்க பிரஷ்ஷால் நுரை தடவுங்கள். ஓரிடத்தில் மட்டும் குமிழி வந்தால் பயமில்லை. என் படகில் இடப்பக்கக் குழாயின் மூட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பொடிப் பொடியாகக் குமிழி வரிசை கட்டியது. விளிம்பை நகத்தால் நெம்பினேன். மூட்டின் மேல் ஒட்டியிருந்த பட்டை சத்தமே இல்லாமல் எழும்பி வந்தது. அடியில் பசை பழுப்பேறி, உலர்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. எதிர்ப்பக்கத்திலும் நெம்பிப் பார்த்தேன், அங்கும் அதே கதை. ஒரு மூட்டு விட்டால் ஒட்டலாம். பசையே செத்துவிட்டால் இன்று இங்கே ஒட்ட, நாளை அங்கே விடும்.

துணியையும் பாருங்கள். பிவிசி பிளாஸ்டிக் பூசிய துணி வெயிலில் விறைத்துப்போகும், சில சமயம் பிசுபிசுக்கும். மேற்பூச்சு தேய்ந்து உள்ளிருக்கும் நூல் தெரிந்தாலோ, எங்கு நுரை தடவினாலும் ஊசிமுனைக் குமிழிகள் வந்தாலோ துணி முடிந்துவிட்டது. உள்ளே ஊற்றும் சீலண்ட் (கசிவை அடைக்கும் திரவம்) கொஞ்ச நாள் தாங்கும், அவ்வளவுதான். ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் பூசிய துணி வெயிலை இன்னும் நன்றாகத் தாங்கும். அதற்கு வயதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இன்ஜின் மாட்டும் பின்பலகையை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். டொக் என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே மரம் ஊறிப்போயிருக்கிறது. பலகையை மாற்றலாம், ஆனால் துணியும் மூட்டும் நல்ல நிலையில் இருந்தால்தான் அந்தப் பாடு வீண்போகாது.

ஒட்டத் தீர்மானித்தால் பசையைச் சரியாக வாங்குங்கள். பிவிசிக்கு பாலியூரித்தேன் பசை, ஹைப்பலானுக்கு நியோப்ரீன் பசை. மாற்றிப் போட்டால் நிற்காது. ஒட்டுத்துண்டு ஓட்டையைத் தாண்டி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். ஈரப்பதம் குறைந்த நாளாகப் பார்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு முறை தடவி, ஒவ்வொன்றும் காயவிட்டு, அப்புறம் அழுத்தி உருட்டுங்கள். குறைந்தது ஒரு நாள் காற்றடைக்காதீர்கள்.

எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் பொறுக்கலாம். கடலுக்குப் போகிறவர் சந்தேகமுள்ள மூட்டை நம்பக் கூடாது. நான் குழந்தைகளை ஏற்றிப் போகிறவன். அதனால் என் படகை விட்டுவிட்டேன். வால்வுகள், துடுப்புக் கொக்கிகள், சுற்றுக்கயிறு மூன்றையும் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.